செலவு முழுக்க அவர்களுடையது: பிரிட்டிஷ் மியூசியப் பயிற்சி பற்றி ஒரு காப்பாட்சியரின் மதிப்புரை

சின்ன அருங்காட்சியகம் ஒன்றைப் பல வருடமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் யார் என்னிடம் யோசனை கேட்டாலும், தயங்காமல் ஒன்றைச் சொல்வேன். லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் சர்வதேசப் பயிற்சித் திட்டத்துக்கு ஒருமுறையாவது விண்ணப்பம் போடுங்கள். 2006இல் தொடங்கிய திட்டம் அது. பல நாடுகளிலிருந்து அருங்காட்சியகத்திலும் மரபுத் துறையிலும் வேலை பார்ப்பவர்களைக் கோடையில் வரவழைக்கிறார்கள். சில வாரம் லண்டனில் பயிற்சி. அதற்கு நடுவே பிரிட்டனின் வேறோர் ஊரிலுள்ள அருங்காட்சியகத்துக்கு அனுப்பி வைக்கிறார்கள். விமானக் கட்டணம், விசா, தங்குமிடம், அன்றாடச் செலவுக்குப் பணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அறக்கட்டளைகளும் புரவலர்களும் தரும் நிதியில் இது நடக்கிறது.

நான் போனது 2018இல். காவிரிக் கரையோர ஊர் ஒன்றில் ஓர் அறக்கட்டளை நடத்தும் அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக இருக்கிறேன். காப்பாட்சியர் என்றால் பதவிப் பலகையில் அப்படி எழுதியிருக்கும். நடைமுறையில் கணக்கு எழுதுவது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டுவது, மழைக்காலத்தில் ஓடு மாற்ற ஆள் பிடிப்பது, அறங்காவலர்கள் கூட்டத்துக்கு அறிக்கை தயாரிப்பது எல்லாம் என் தலையில்தான். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. பயிற்சிக்குப் போய்வந்த சூட்டில் எழுதினால் விடுதியும் சாப்பாடும் எடுத்த படங்களும்தான் கண்முன் நிற்கும். கற்றுக்கொண்டதில் எது நம் வேலையில் ஒட்டியது, எது உதிர்ந்தது என்று தெரிய வருடங்கள் ஆகின்றன. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். அதைக் கூச்சமில்லாமல் பேசவேண்டும்.

'முழு நிதியுதவி' என்று அறிவிப்பில் போட்டிருந்ததை நம்பி, இதற்கு முன்னால் வேறோர் அமைப்பின் பயிலரங்குக்குப் போயிருக்கிறேன். பெயர் வேண்டாம். ரயில் டிக்கெட், விடுதி வாடகை, ஆட்டோச் செலவு எல்லாவற்றையும் முதலில் நாமே கொடுத்துவிட வேண்டும். ரசீதுகளைத் தாளில் ஒட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பிறகு பணம் வரும் என்றார்கள். வந்தது, பல மாதம் கழித்து. அதுவரைக்கும் என் வளையல் இரண்டும் அடகுக் கடையில் கிடந்தன. அந்தப் பயிலரங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே பெருநகரத்துப் பெரிய நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு அலுவலகம் முன்பணம் கொடுத்திருந்தது. எங்களைப் போன்ற இடங்களிலிருந்து ஏன் யாரும் வருவதில்லை என்று அமைப்பாளர்கள் உண்மையாகவே கவலைப்பட்டுப் பேசினார்கள். காரணம் அவர்களுடைய படிவத்தின் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது.

லண்டன் திட்டத்தில் இந்தச் சிக்கல் எனக்கு வரவில்லை. டிக்கெட் எடுத்து அனுப்பினார்கள். விசாக் கட்டணம் என் கையைக் கடிக்கவில்லை. தங்க மாணவர் விடுதியில் தனி அறை. அன்றாடச் செலவுக்கென்று கொடுத்த தொகையில் சிக்கனமாக இருந்து, வீட்டில் எல்லோருக்கும் சின்னச் சின்னதாக ஏதோ வாங்கியும் வந்தேன். சாப்பாட்டுக்குப் பயந்தவர்களுக்கு ஒரு தகவல்: யூஸ்டன் ரயில் நிலையத்தை ஒட்டிய ட்ரம்மண்ட் தெருவில் சைவ உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. தோசை கிடைக்கும். சாம்பார் கொஞ்சம் இனிக்கும்.

வயது பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் துறைக்கு வரும் உதவித்தொகைகள் பலவற்றில் முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, மிஞ்சினால் நாற்பத்தைந்து என்று ஒரு கோடு கிழித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்த பிறகுதான் ஒரு மாதம் வெளியூர் போவதைப் பற்றி யோசிக்கவே முடிகிற பெண்களுக்கு, யோசிக்கும்போது கதவு சாத்தியிருக்கும். மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் மூத்தோர் நல்கை (சீனியர் ஃபெலோஷிப்) என்ற உதவித்தொகை இதற்கு நேர்மாறாக நாற்பதைத் தாண்டியவர்களுக்கானது. மாதம் 20,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் தருவார்கள். நல்ல விஷயம். ஆனால் அது ஆய்வுக்கானது. ஒரு நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்துவதற்கான பயிற்சிக்கு அந்தப் பணம் வழி செய்யாது. பிரிட்டிஷ் மியூசியம் நாடுவது பெரும்பாலும் பணியின் நடுக்கட்டத்தில் இருப்பவர்களை. என் வயது அங்கே தடையாக இருக்கவில்லை. கூட இருந்தவர்களில் சிலர் என் தம்பி தங்கை வயது, ஓரிருவர் என் வயதையொட்டியவர்கள். எகிப்து, சூடான், நேபாளம், மெக்சிகோ என்று நாலு திசையிலிருந்தும் வந்திருந்தார்கள்.

இனி, சொல்லிக்கொடுத்தது என்ன, எப்படி என்பதற்கு வருகிறேன்.

காட்சிக்கூடத்துக்குப் பின்னால் இருப்பதைத் திறந்து காட்டுவதில்தான் இந்தத் திட்டத்தின் பலம் இருக்கிறது. 2014இல் திறந்த புதிய பாதுகாப்பு, கண்காட்சி மையத்துக்குள் போனோம். பொருள்களுக்குச் சிகிச்சை செய்யும் கூடங்கள், சேமிப்பறைகள், கண்காட்சிக்குப் போகும் பெட்டியை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் பார்த்தோம். அந்தக் கட்டடத்துக்கு ஆன செலவு சுமார் 13.5 கோடி பவுண்டு. அதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு திரும்பினால் ஒரு பயனும் இல்லை. எனக்குப் பயன்பட்டது மேசைமேல் இருந்த சின்ன விஷயங்கள். வேலை செய்கிற மேசையில் பொருளை வைக்கும் இடம், எழுதும் இடம், கருவி வைக்கும் இடம் மூன்றும் தனித்தனியாகப் பிரித்திருந்தது. பொருளைத் தூக்குவதற்கு முன் அது போகவேண்டிய இடத்தைக் காலி செய்து வைத்துவிட்டுத்தான் தூக்குவார்கள். இதற்கெல்லாம் ஒரு ரூபாய் செலவு இல்லை. ஊருக்கு வந்த வாரமே எங்கள் பின்னறையில் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுவிட்டேன்.

அடுத்து, தொட்டுப் பார்க்கும் மேசைகள். பிரிட்டிஷ் மியூசியத்தின் சில கூடங்களில் தன்னார்வலர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எதிரே உண்மையான பழம்பொருள்கள் சில இருக்கும். வருகிற யாரும் கையில் எடுத்துப் பார்க்கலாம். பணக்கூடமான 68ஆம் எண் அறையில் நான் வெகு நேரம் நின்று கவனித்தேன். முதியவர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராக இருக்கவேண்டும், நாணயத்தைப் பார்வையாளர் உள்ளங்கையில் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் காத்திருந்தார். பார்வையாளர் கனத்தை உணர்ந்து, திருப்பிப் பார்த்து, விரலால் விளிம்பைத் தடவிய பிறகு அவராகவே ஒரு கேள்வி கேட்பார். அதன் பிறகுதான் முதியவர் பேச ஆரம்பிப்பார். கண் தெரியாத ஒரு பெண் தன் தங்கையோடு வந்திருந்தார். மற்றவர்களைவிட அதிக நேரம் அவர் கையில் அந்த நாணயம் இருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. 'தொடாதீர்கள்' என்ற பலகையை எங்கள் கூடத்தில் என் கையாலேயே எழுதி மாட்டியவள் நான். அதை எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. ஆனால் இப்போது எங்கள் வாசல் திண்ணையில் ஒரு மேசை இருக்கிறது. உடைந்த பானை ஓடுகள், ஒரு படி, ஒரு உழக்கு, பதிவேட்டில் சேராத சில செப்புக் காசுகள் அதன்மேல் இருக்கும். சனி ஞாயிறுகளில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வந்து உட்காருகிறார்.

இந்தியாவிலிருந்து, அதுவும் பழைய சென்னை மாகாணத்திலிருந்து போகிற ஒருவர் அங்கே அமராவதியைத் தாண்டிப் போக முடியாது. ஆந்திரத்திலுள்ள அமராவதியின் பழைய பௌத்தத் தூபியிலிருந்து 1845இல் வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தோண்டியெடுத்து மதராசுக்கு அனுப்பிய சிற்பங்களில் ஒரு பகுதி 1859இல் கப்பலேறி லண்டன் போனது. 1880இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கைமாறியது. இன்று 33ஏ என்ற அறையில், கண்ணாடிக்குப் பின்னே, ஈரப்பதம் கட்டுப்படுத்திய இடத்தில் இருக்கிறது. அதே தூபியின் மற்றொரு பெரும் பகுதி சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழும்பூர்ச் சிற்பங்களைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவள் நான். ஒரே பந்தலின் கால்களை இரண்டு ஊரில் நட்டு வைத்ததுபோல இருந்தது. ரொம்ப நேரம் அங்கிருந்து நகர முடியவில்லை.

இதைப் பயிற்சி வகுப்பில் பேச முடிந்ததா என்பதுதான் எனக்கு முக்கியமான சோதனை. முடிந்தது. எகிப்திலிருந்து வந்தவரும் நானும் ஒரே நாளில் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டோம்: எங்கள் ஊர்ப் பொருள்களைத் திருப்பித் தருவீர்களா? 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மியூசியச் சட்டம் பொருள்களை நிரந்தரமாகக் கைமாற்ற முடியாதபடி அறங்காவலர்களின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று விளக்கினார்கள். அது சட்டத்தின் பதில். என் மனசுக்கு அது போதாது, இன்றைக்கும் போதாது. ஆனாலும் விருந்தாளியாகக் கூப்பிட்ட வீட்டில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்கவும், அது மேசைமேல் விரிவாக விவாதமாகவும் இடம் இருந்தது. அனைவரையும் உள்ளடக்கிய பயிற்சி என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், அதில் சேர்ந்தவர்கள் தங்கள் ஊர்க் கோபத்தையும் கூடவே கொண்டுவர அனுமதி இருக்கவேண்டும். அந்த விஷயத்தில் இவர்களுக்கு நல்ல மதிப்பெண் போடுவேன்.

அடுத்த வருடமே இதற்கு ஒரு தொடர்ச்சி வந்தது. கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி, ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருப்பது 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. 1967இல் ஏலத்தில் வாங்கியிருந்தார்கள். அடையாளம் காண உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணத்தில் இருந்த 1957ஆம் வருடத்துப் புகைப்படம் ஒன்று. 2024 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அறுபது வருடத்துக்கு முன் யாரோ ஒரு கோயிலுக்குள் நின்று பொறுமையாகப் படமெடுத்திருக்காவிட்டால் கேட்பதற்கே நமக்கு ஆதாரம் இருந்திருக்காது. பதிவேடு என்பது எங்கள் வேலையில் யாரும் பாராட்டாத பகுதி. லண்டனில் ஸ்பெக்ட்ரம் என்ற ஆவணப்படுத்தும் தரமுறையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தபோது, அது பெரிய இடங்களுக்கானது என்றுதான் முதலில் நினைத்தேன். பொருள் உள்ளே வரும்போது என்ன எழுதவேண்டும், இடம் மாறினால் யார் கையெழுத்துப் போடவேண்டும், வெளியே போனால் என்ன தடயம் இருக்கவேண்டும் என்று வீட்டுக் கணக்குப்போல எளிதாகப் பிரித்திருக்கிறார்கள். கணினிகூட வேண்டாம், நீள நோட்டுப் போதும். எங்கள் பழைய பதிவேட்டில் 'வெண்கல விளக்கு, 1' என்று மட்டும் எழுதியிருந்த வரிகளுக்கெல்லாம் இப்போது நாலு பக்கமும் எடுத்த படம், அளவு, எடை, கீறல், யார் கொடுத்தது என்ற விவரம் எல்லாம் இருக்கின்றன.

லண்டனைவிட எனக்கு அதிகம் கொடுத்தது கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரம் என்று சொன்னால் சிலர் ஆச்சரியப்படலாம். திட்டத்தில் பங்குபெறும் வெளியூர் அருங்காட்சியகங்களில் நார்ஃபோக் அருங்காட்சியகச் சேவையும் ஒன்று. உள்ளாட்சி நிதியில் ஓடுகிற பல சிறிய, நடுத்தர அருங்காட்சியகங்களின் கூட்டு அது. அவற்றில் ஒன்றான நார்விச் கோட்டையை நார்மன் அரசர்கள் கட்டினார்கள். பிறகு நூற்றாண்டுக்கணக்கில் சிறைச்சாலையாக இருந்து, 1894இல் அருங்காட்சியகம் ஆனது. ஆனால் நான் சொல்ல வந்தது கிரேட் யார்மத் ஊரிலுள்ள டைம் அண்ட் டைடு பற்றி. ஹெர்ரிங் மீனைப் புகைபோட்டுப் பதப்படுத்திய பழைய தொழிற்கூடம் அது. 2004இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். புகைக்கூண்டு அறைக்குள் நுழைந்ததும் முகத்தில் அடிக்கிறது கருவாட்டு வாசனை. வேலை நின்று எத்தனையோ காலம் ஆகியும் மரச்சட்டங்களிலும் செங்கல்லிலும் ஊறிப்போன மணம். யாரும் அதைக் கழுவித் துடைக்கவில்லை. கூட வந்த ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு நாகப்பட்டினம் மீன் துறை ஞாபகம் வந்துவிட்டது. மீனைக் குடல் எடுத்து, உப்பிட்டு, பீப்பாயில் அடுக்கிய பெண்களின் கதைதான் அந்த இடத்தின் மையம். கப்பல் முதலாளிகளின் கதை அதற்குப் பிறகு.

நார்ஃபோக்கிலேயே கிரெஸ்ஸன்ஹால் என்ற ஊரில் இன்னொன்று பார்த்தேன். 1777இல் கட்டிய, வறியவர்களை அடைத்து வேலை வாங்கிய பெரிய விடுதி. இப்போது பண்ணையும் அருங்காட்சியகமுமாக இருக்கிறது. அங்கே அடைபட்டிருந்தவர்களின் பெயர்களைப் பழைய பதிவேடுகளிலிருந்து தேடியெடுத்து, ஒவ்வொருவர் வாழ்க்கையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு எங்கள் கூடத்தை நினைத்தால் உறுத்தியது. எங்களிடம் இருப்பதில் பெரும் பகுதி மிராசுதார் வீடுகள் கொடுத்தவை. அந்த வீடுகளின் பெயர் எல்லா அட்டையிலும் இருக்கிறது. வயலில் இறங்கியவர்களின் பெயர் ஓர் அட்டையிலும் இல்லை.

ஊர் திரும்பியதும் முதலில் மாற்றிய அட்டை ஒரு மரக்காலுடையது. நெல் அளக்கிற, இரும்புப் பட்டை போட்ட மரக்கால். 'மரக்கால், மரம், 19ஆம் நூற்றாண்டு' என்று மட்டும் எழுதியிருந்தது. நடவுக்குப் போய்க் கொண்டிருந்த மூத்த பெண்கள் சிலரைக் கூப்பிட்டு, கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்து, அந்த மரக்காலை நடுவில் வைத்தேன். ஒரு பாட்டி அதைக் கையில் வாங்கி, உள்ளே கையை விட்டு அடியைத் தட்டிப் பார்த்தார். "இது வாங்குற மரக்கால் தாயி. குடுக்குறதுக்கு வேற இருக்கும். அது இதவிட வாய் சின்னது" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் அறங்காவலர் குழுவில் அந்த அட்டையை மாற்றுவதற்கு ஒப்புதல் வாங்க எனக்குச் சில கூட்டங்கள் ஆயின. பெரியவர் ஒருவர் கடைசியில், "அந்தம்மா சொன்னத அப்படியே போடு, நம்ம பேரு பக்கத்துலயே இருக்கட்டும்" என்றார். இப்போது இரண்டும் இருக்கின்றன. அந்தப் பாட்டி சொன்ன வரிகள் பெரிய எழுத்தில்.

தலைமைப் பயிற்சி என்றால் பலரும் மேலாண்மைப் பாடம், பட்டியல், அம்புக்குறி போட்ட படம் என்று நினைக்கிறார்கள். இத்திட்டத்தில் அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் ஒரு கூட்டத்தில் எதிர்ப்பவர்களுக்கு முன்னால் நின்று ஒரு மரக்காலுக்காக வாதாடும் தைரியம் எனக்கு அந்தப் பாடங்களிலிருந்து வரவில்லை. புகை மணக்கும் அந்தக் கட்டடத்தை நடத்திய பெண்மணி, உள்ளாட்சி நிதி வெட்டப்படும் ஒவ்வொரு வருடமும் தான் எப்படிக் கணக்கைச் சரிக்கட்டுகிறார் என்று எங்களுக்குக் காகிதத்தை விரித்துக் காட்டியபோது வந்தது. ஒரே மாதிரி இக்கட்டில் இருப்பவரோடு அரை நாள் உட்கார்ந்து பேசுவதற்கு ஈடாக எந்த வகுப்பும் இல்லை.

பயிற்சியின் முடிவில் ஒரு செய்முறை உண்டு. இருவர் இருவராகச் சேர்ந்து, மியூசியத்தின் ஒரே ஒரு பொருளை எடுத்து அதை வைத்து ஒரு சிறு கண்காட்சித் திட்டம் தயாரிக்கவேண்டும். யாருக்காக, என்ன சொல்ல, எத்தனை சொல்லில், வெளிச்சம் எங்கிருந்து, குழந்தைக்கு எட்டும் உயரம் எது என்று எல்லாம் யோசித்து வடிவமைத்து எல்லோர் முன்னிலும் வைக்கவேண்டும். நிறையப் பொருள், குறைய இடம் என்று தவிக்கும் நம் ஊர்க் கூடங்களுக்கு இது அருமையான பயிற்சி. இதற்காகவே போகலாம்.

இந்த மாதிரித் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கிற இரண்டு போதாமைகளைச் சொல்லியாகவேண்டும். போகிறவருக்குப் பணம் கிடைக்கிறது, அவர் விட்டுவிட்டுப் போகும் இடத்துக்குக் கிடைப்பதில்லை. பெரிய நிறுவனத்தில் ஒருவர் ஒரு மாதம் இல்லையென்றால் தெரியாது. என் இடத்தில் நான் இல்லையென்றால் கதவு பூட்டித்தான் இருக்கவேண்டும். சீட்டுக் கொடுத்து, கூட்டிப் பெருக்கி, சாவியும் வைத்திருந்த பெண், "அக்கா, நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதால்தான் போக முடிந்தது. அந்த மாதம் அவள் பார்த்த கூடுதல் வேலைக்குக் கூலி கொடுக்க எந்தத் திட்டத்திலும் ஒரு வரி இல்லை. அறக்கட்டளையிடம் சண்டை போட்டு வாங்கிக்கொடுத்தேன். உலகத்தின் எந்த மூலையில் இப்படிப்பட்ட நிதியை வடிவமைப்பவராக இருந்தாலும் சரி, 'பதிலாள் ஊதியம்' என்று ஒரு தலைப்பைச் சேர்த்துவிடுங்கள். விமானக் கட்டணத்தில் சின்னப் பங்குதான் ஆகும். அந்தப் பங்கு இல்லாததால் வராமல் போனவர்களை நீங்கள் பார்க்கவே போவதில்லை.

மற்றொன்று மொழி. எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் படித்த எனக்கு முதல் வாரம் காது பழகவே சரியாக இருந்தது. நார்ஃபோக் பேச்சு அதைவிடக் கடினம். பொறுமையாகத் திருப்பிச் சொன்னார்கள், குறையில்லை. ஆனால் எங்கள் மாவட்டத்தில் என்னைவிட நன்றாக வேலை தெரிந்த ஒருவர் ஆங்கிலத்துக்குப் பயந்து படிவத்தையே தொடவில்லை. அவரைப் போன்றவர்களுக்கு லண்டன் வழி காட்டாது. நாம்தான் காட்டவேண்டும். கீழடியில் சுமார் 18 கோடி ரூபாயில் அருங்காட்சியகம் எழுப்பி 2023 மார்ச்சில் திறந்தோம். எத்தனை அழகாகச் செய்திருக்கிறார்கள் என்று பெருமையாக இருக்கிறது. அந்த மாதிரிக் கட்டடங்களுக்குள் அடுத்த முப்பது வருடம் நிற்கப் போகிறவர்களுக்கு, தமிழில், சம்பளத்தோடு, பதிலாளோடு ஒரு தலைமைப் பயிற்சி வேண்டும். கட்டடச் செலவோடு ஒப்பிட்டால் அதற்கு ஆவது மிகச் சொற்பம். இதை நான் போகிற ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

ஏற்கெனவே இயக்குநராக இருப்பவர்கள், அரசோடும் வாரியத்தோடும் தினமும் மல்லுக்கட்டுபவர்கள், பிரிட்டிஷ் மியூசியத் திட்டத்தைவிட அவர்கள் நிலைக்கென்றே அமைத்த வேறு சிலவற்றையும் பார்க்கலாம். பிரிட்டனில் க்ளோர் தலைமைத் திட்டம் இருபது வருடத்துக்கு மேலாகக் கலைத் துறைத் தலைவர்களை உருவாக்குகிறது. அமெரிக்காவில் 1979இல் தொடங்கிய அருங்காட்சியக மேலாண்மைப் பயிற்சி, கெட்டி அறக்கட்டளையின் ஆதரவில் மூத்த நிர்வாகிகளுக்கானதாக வளர்ந்தது. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் 2014இல் உலகின் பல பகுதிகளிலுள்ள அருங்காட்சியக இயக்குநர்களை அழைத்துக் கலந்துரையாடல் நடத்த ஆரம்பித்தது. பெய்ஜிங்கில் 2013இல் ஐகாம் என்ற உலக அருங்காட்சியக அமைப்பும் அரண்மனை அருங்காட்சியகமும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி மையம் குறுகிய காலப் பயிற்சி தருகிறது, வீட்டைவிட்டு அதிக நாள் இருக்க முடியாதவர்களுக்கு அது ஏற்றது. இவை எதிலும் நான் சேர்ந்ததில்லை, ஆகவே தரம் பற்றிச் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றின் செலவு விதியையும் படித்துப் பாருங்கள். எது முன்பணம், எது பின்பணம் என்பதை முதலில் பாருங்கள்.

பயிற்சி முடிந்த பிறகும் லண்டன்காரர்கள் கையை விட்டுவிடுவதில்லை. முன்பு பயிற்சி பெற்றவர்களில் ஒருவரை ஒவ்வொரு வருடமும் திரும்ப அழைத்துப் புதியவர்களுக்குத் துணையாக வைக்கிறார்கள். குறிப்பிட்ட தலைப்பில் குறும்பயிற்சிகளுக்கும் பழையவர்களைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் குழுவுக்கென்று இருக்கும் வாட்ஸாப் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2020இல் எல்லோர் கூடமும் பூட்டிக் கிடந்தபோது, கறையானையும் பூஞ்சையையும் ஆளில்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று அதில்தான் பேசிக்கொண்டோம். 2023 ஏப்ரலில் கார்ட்டூமில் சண்டை மூண்டு, பிறகு சூடான் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது என்ற செய்தி வந்தபோது, எங்களோடு இருந்த சூடான் சகோதரரிடமிருந்து பல நாள் ஒரு தகவலும் இல்லை. கடைசியில் "நான் எல்லை தாண்டிவிட்டேன், பதிவேட்டின் நகல் என் கையில் இருக்கிறது" என்று எழுதினார். அதைப் படித்த அன்று நான் எங்கள் பதிவேட்டுக்கும் ஒரு நகல் எடுத்து, வேறு ஊரில் என் அண்ணன் வீட்டு அலமாரியில் வைத்தேன்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்குச் சில நடைமுறை வார்த்தைகள். உங்கள் நிறுவனத்தின் பெருமையைப் பற்றி நீட்டி முழக்காதீர்கள். உங்களிடம் என்ன பொருள் இருக்கிறது, யார் பார்க்க வருகிறார்கள், யார் வருவதில்லை, திரும்பி வந்து முதல் மூன்று மாதத்தில் என்ன மாற்றுவீர்கள் என்று ஊரின் விவரத்தோடு எழுதுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். மேலிடத்துச் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், அரசுப் பணியில் இருப்பவர்கள் தடையின்மைச் சான்றுக்கு இன்னும் முன்னதாக அலையவேண்டியிருக்கும். உங்களுக்குப் பதிலாக யார் பார்த்துக்கொள்வார்கள், அவர்களுக்கு என்ன கொடுப்பீர்கள் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். இதற்கு முன் போய்வந்தவர்கள் மும்பையிலும் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் இருக்கிறார்கள், கேட்டால் உதவுவார்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். இந்த வாரமே எடுக்கப் போங்கள்.